பழைய பொம்மைக் கீபோர்டின் கறுப்புக் கட்டையில் ஐந்து ராகம்

ஹட்டன் பக்கம் லயத்து வீடுகளில், அலமாரிக்கு மேலே ஒரு குட்டிக் கீபோர்ட் தூசி படிந்து கிடப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன். கொழும்பில் வேலை செய்த மாமா யாராவது எப்போதோ தீபாவளிக்கு வாங்கி வந்ததாக இருக்கும். தயவுசெய்து அதைப் பழைய சாமானோடு போட்டுவிடாதீர்கள். கேசியோ எஸ்.ஏ-1, எஸ்.கே-1 மாதிரி 32 சின்னக் கட்டைகள் உள்ள கீபோர்டை வைத்தே சொல்கிறேன்.

முதலில் உயிர் கொடுப்போம்

பெட்டரி மூடியைத் திறந்தால் கம்பிச் சுருளில் பச்சையும் வெள்ளையுமாய்ப் பூத்திருக்கும். நம் ஊர்ப் பனிக்கும் ஈரத்துக்கும் அது சகஜம். பஞ்சுக்குச்சியில் வினாகிரி தொட்டுத் தேயுங்கள். பிறகு ஸ்பிரிட்டால் துடைத்து நன்றாகக் காயவிடுங்கள். ஐந்து பென் டோர்ச் பெட்டரி போட்டால் ஏழரை வோல்ட், அது போதும்.

அடப்டர் விஷயத்தில் கவனம். இந்தப் பழைய கேசியோக்களுக்கு ஏழரை வோல்ட்தான், அதுவும் நடு ஊசியில் மைனஸ். நான் ரவுட்டரின் 12 வோல்ட் அடப்டரை மாட்டினேன், துளைக்குள் சரியாகப் போனதே என்று. எரிந்த வாசம் வந்தது, அதோடு சரி. அக்கா பாவித்த கீபோர்ட் அது. இன்னும் மனசு ஆறவில்லை.

சில கட்டைகள் பேசாவிட்டால், பெட்டரியைக் கழற்றிவிட்டுத் திருகாணிகளை எடுங்கள். கட்டைகளுக்குக் கீழே ரப்பர் பட்டை, அதில் கறுப்புப் பொட்டுகள். பொட்டையும் அது தொடும் பலகையையும் ஸ்பிரிட் பஞ்சால் ஒற்றி எடுத்தால் பெரும்பாலும் சரியாகும். சுரண்டக் கூடாது.

இப்போது வாசிப்பு

வெள்ளைக் கட்டைகளை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். இடது ஓரத்தில் முதல் வெள்ளைக் கட்டையைத் தாண்டியதும் மூன்று கறுப்புக் கட்டைகள் சேர்ந்திருக்கும். முதலாவதை ச என்று வைத்துக் கறுப்பிலேயே ஏறுங்கள்: ச ரி க ப த. மோகன ராகம் வந்துவிட்டது! இரண்டாவதில் தொடங்கினால் மத்தியமாவதி. மூன்றாவதில் தொடங்கினால் இந்தோளம். அடுத்திருக்கும் இரட்டைக் கட்டைகளில் முதலாவது சுத்த சாவேரி, இரண்டாவது சுத்த தன்யாசி. அதே ஐந்து கட்டைகள்தான். எதை ச என்று காது ஏற்றுக்கொள்கிறதோ அதற்கேற்ப ராகம் மாறுகிறது. கர்நாடக இசையில் இதைக் கிரக பேதம் என்பார்கள். வாத்தியார் இல்லாமல் தொடங்கும் பிள்ளைக்கு இதைவிட நல்ல வாசல் எனக்குத் தெரியாது.

பாட்டுக்கு அடியில் விடாமல் ஒலிக்கும் சுருதிக்கு ஓர்கன் சத்தத்தைத் தெரிவு செய்து ச, ப இரண்டையும் இடக்கையால் அழுத்திப் பிடியுங்கள். இந்தோளத்தில் ப கிடையாது, அங்கே ச, ம. எஸ்.கே-1 ஒரே நேரத்தில் நாலு சுரம்தான் தரும். சுருதிக்கு இரண்டு போனால் மிச்சம் இரண்டு, பாட்டுக்கு அது தாராளம்.

தாளத்துக்கு உள்ளே இருக்கும் ரிதம் பொத்தானே போதும், அதைக் குறைவாக நினைக்காதீர்கள். 1981இல் வந்த கேசியோ எம்.டி-40இன் ரொக் தாளம், 1985இல் ஜமேக்காவின் ரெகே இசையையே மாற்றியது. அதை அமைத்தவர் ஒகுடா ஹிரோகோ என்ற ஜப்பானியப் பெண்மணி.

உங்களிடம் இருப்பது எஸ்.கே-1 என்றால் இன்னும் யோகம். 1985இல் வந்த அதில் மைக் உண்டு. ஒன்றரை வினாடிக்குச் சற்றுக் குறைவான சத்தத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தப்பு மேளத்தில் ஓர் அடி அடித்துப் பிடியுங்கள். மேல் கட்டையில் அது கீச்சென்று குழந்தை விளையாட்டுப் போல வரும். கீழே இறங்க இறங்கக் காமன் கூத்து இரவு போலக் கனத்து இழுக்கும். தப்பு கிடைக்காவிட்டால் பிஸ்கட் டின்.

பதிவு

போனில் பேண்ட்லேப் செயலியைப் போடுங்கள், இலவசம். மடித்த துவாய்மேல் போனை வைத்து, ஸ்பீக்கரிலிருந்து ஒரு சாண் தள்ளி, சத்தத்தை முக்கால்வாசி வையுங்கள். இயர்போனில் தாளத் தட்டைக் கேட்டபடி முதலில் சுருதி, அப்புறம் பாட்டு, கடைசியில் தப்பு என்று ஒவ்வொன்றாகப் பதியுங்கள். தகரத்தில் மழை விழும் நேரம் வேண்டாம், விடியற்காலை நல்லது.

முடிந்ததும் ஐந்து பெட்டரியையும் கழற்றி வையுங்கள்.