விக்கிடேட்டால ஒரு தகவல் சேர்க்கிறது எப்படி?

விக்கிபீடியா கட்டுரையில ஓரத்துல ஒரு தகவல் பெட்டி இருக்கும்ல, அதுல வர்ற மக்கள்தொகை, பிறந்த தேதி எல்லாம் பல நேரம் அந்தக் கட்டுரையிலயே இருக்காது, 2012ல ஆரம்பிச்ச விக்கிடேட்டாங்கிற பொதுத் தகவல் கிடங்குல இருந்து வார்ப்புரு (அந்தப் பெட்டியை உருவாக்குற டெம்ப்ளேட்) இழுத்துட்டு வரும். அதனால அங்க ஒருதடவை திருத்தினா, அதை இழுக்கிற எல்லா மொழிக் கட்டுரையிலயும் மாறிடும்.

கட்டுரையோட கருவிகள் மெனுவுல விக்கித்தரவு உருப்படின்னு ஒரு லிங்க் இருக்கும் (விக்கித்தரவுங்கிறது விக்கிடேட்டாவோட தமிழ்ப் பேர், உருப்படின்னா அந்த ஊருக்கோ ஆளுக்கோ அங்க இருக்கிற பக்கம்), அதை அமுக்குங்க. ஒவ்வொரு உருப்படிக்கும் கியூ நம்பர் இருக்கும், பண்புக்கு, அதாவது எந்த வகைத் தகவல்ங்கிறதுக்கு, பி நம்பர், மக்கள்தொகைன்னா பி1082.

புது கணக்கெடுப்பு வந்துச்சுன்னா பழைய எண்ணை தயவுசெஞ்சு அழிக்காதீங்க, நிறைய பேர் இதைத்தான் பண்றாங்க, பழசும் வரலாறுதானே! புதுசா ஒரு மதிப்பு சேர்த்து, எந்த வருஷத்துதுன்னு பி585ல (காலத்தைக் குறிக்கிற பண்பு) போட்டு, பல மதிப்புல இதைத்தான் முதல்ல எடுக்கணும்னு காட்டுற முன்னுரிமை தரவரிசையை அதுக்குக் குடுத்துடுங்க. ஆதாரம் கட்டாயம் போடுங்க, ஆனா விக்கிபீடியாவையே ஆதாரமா காட்டுறது சுத்தி சுத்தி அதே இடத்துக்கு வர்ற வேலை.

சேவ் பண்ணியும் கட்டுரையில மாறலையா? பக்கத்தை பர்ஜ் பண்ணிப் பாருங்க (சேமிச்சு வச்ச பழைய நகலை அழிச்சு புதுசா காட்ட வைக்கிறது), அப்பவும் வரலன்னா அந்த வார்ப்புரு விக்கிடேட்டாவை இழுக்கிற மாதிரி எழுதாம இருக்கலாம், அப்படின்னா கட்டுரையிலயே கையால மாத்திக்க வேண்டியதுதான்.