வீட்டுக்குப் பின்னாடி நாட்டுக்கோழி: கூண்டை நகர்த்தியே மண்ணைத் தேத்தலாம்

எங்க வீடு மலேசியாவுல, பினாங்கு மாநிலத்துச் செபராங் பிறையில, சுங்கை பாக்காப் பக்கம். பின்னாடி இருக்கிற நிலம் முன்ன செம்பனை நின்ன இடம், மண்ணு இறுகிப்போய் லாலாங் புல்லைத் தவிர வேற எதுவும் முளைக்கல. இப்ப அதே இடத்துல வெண்டி காய்க்குது, மரவள்ளி நிக்குது, உரமூட்டை ஒன்னுகூட வாங்கல, எல்லாம் ஆறு நாட்டுக்கோழி செஞ்ச வேலை. எப்படி ஆரம்பிக்கிறதுன்னு நிறைய பேர் கேக்குறதால முதல்லேருந்து சொல்றேன்.

1. கோழி வாங்குறது

ஒரு சேவல், அஞ்சு பெட்டை, இது போதும். தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடா இருந்தா மொதல்ல மஜ்லிஸ்ல, அதாவது நகராண்மைக் கழகத்துல, கேட்டுட்டு வாங்குங்க. பசார்ல (சந்தையில) ஆயாம் கம்போங், அதாவது நாட்டுக்கோழின்னு விக்கிறதுல நிறைய கலப்பு, சீக்கிரம் எடை போடுறதுக்காக வளர்த்தது. நமக்கு வேண்டியது கம்போங் (கிராமத்து) வீட்டுல தலைமுறையா தானே அடைகாத்து வந்த கோழி, அதனால விக்கிறவர்கிட்ட "இதோட தாய் குஞ்சு பொரிச்சுச்சா?"ன்னு கேளுங்க, அந்த ஒரு கேள்வி போதும். பண்ணை முட்டைக்கோழி வருஷத்துக்கு 300 முட்டை கிட்ட போடும், ஆனா அடையில உக்கார்ற குணத்தையே அதுகிட்டேருந்து எடுத்துட்டாங்க. நம்ம கோழி அதுல பாதிகூட போடாது, ஆனா குஞ்சைத் தானே பொரிச்சு தானே வளர்க்கும், வெயில் தாங்கும், புழு பூச்சியைத் தானே தேடித் தின்னும். நம்ம காட்டுல இன்னும் திரியுற காட்டுக்கோழியோட வம்சம் அது, ரத்தத்துலேயே இருக்கு.

2. கூண்டு

ஆறடி நீளம், நாலடி அகலம், அடியில தரை இல்லாம திறந்து இருக்கணும். பலகை சட்டத்துல செய்யுங்க, ஆனா ரெண்டு பேர் தூக்குற கனம்தான் இருக்கணும், கனமா செஞ்சா ஒரு வாரத்துல நகர்த்துறதை விட்டுடுவீங்க. மெல்லிசான கோழிவலை வேணாம், மூசாங் (மரநாய்) கிழிச்சிடும், அரை இன்ச் கம்பிவலையா வாங்கி அடிங்க. மேல பாதிக்குத் தகரம், உள்ள ராத்திரி உக்கார ஒரு குறுக்குக் கட்டை, முட்டைக்கு ஒரு பெட்டி. பியாவாக் (உடும்பு) அடியில மண்ணைத் தோண்டி உள்ள வரும், அதனால சாயங்காலம் சுத்தியும் செங்கல் வச்சிடுங்க.

3. தினம் நகர்த்துறது

இதுதான் உயிர்நாடி, மத்ததெல்லாம் கொஞ்சம் முன்னப் பின்ன இருந்தாலும் பரவால்ல. தினம் காலையில கூண்டை ஒரு கூண்டு நீளம் தள்ளி வைங்க. ஒரு நாளைக்கு 24 சதுர அடி, 30 நாளைக்கு 720 சதுர அடி, அவ்வளவு நிலம் இருந்தா ஒரு மாசம் கழிச்சுத்தான் பழைய இடத்துக்கே திரும்புவீங்க. கோழி எச்சத்துல நைட்ரஜன் ஜாஸ்தி, ஒரே இடத்துல குவிஞ்சா புல்லு கருகிடும், ஒரு நாள் மட்டும் விழுந்தா அதே எச்சம் உரம். இன்னொரு காரணமும் இருக்கு. ரத்தக்கழிச்சல் கிருமி எச்சத்துல வெளிய வந்ததும் உடனே தொத்தாது, ஈரமும் சூடும் கிடைச்சா ஒன்னு ரெண்டு நாள்ல தயாராயிடும், அதுக்குள்ள கோழி அந்த இடத்தை விட்டுப் போயிருக்கணும். ஒரு அக்டோபர்ல நாலு நாள் விடாத மழை, சேத்துல இறங்க மனசில்லாம நான் கூண்டை அப்படியே விட்டுட்டேன், அடுத்த வாரம் எச்சத்துல ரத்தம், மூணு இளங்கோழி செத்துப்போச்சு. இன்னும் மனசுல இருக்கு. மழைக்காலத்துல நகர்த்தவே முடியலன்னா கூரைக்குக் கீழ ஒரு சாண் உயரத்துக்குக் காஞ்ச உமி போட்டு அதுல விடுங்க, நனைஞ்சா மாத்துங்க.

கோழி போன இடத்துல உடனே கீரை விதைக்காதீங்க, பச்சை எச்சத்துல கிருமி இருக்கும். நிலத்தை ரெண்டா பிரிச்சு, ஒரு பாதியில கோழி, மறு பாதியை நாலு மாசம் ஆறவிட்டு அப்புறம் நடுங்க.

4. தீனியும் மருந்தும்

தவிடு, தேங்காய்ச் சக்கை, பப்பாளி இலை, கூடவே கொஞ்சம் கடைத் தீனி. உப்புப் போட்ட குழம்புச் சோறு வேணாம், உப்பு ஜாஸ்தியானா கோழிக்கு ஆகாது. தண்ணி நிழல்ல இருக்கணும்.

சம்பார் நோய்க்கு (வெள்ளைக்கழிச்சல்) தடுப்பு மருந்து கட்டாயம் கொடுங்க, ஒன்னுக்கு வந்தா எல்லாம் போயிடும். 1980கள்ல செர்டாங் பல்கலைக்கழகத்துல ஆஸ்திரேலியா ஆளுங்களோட சேர்ந்து, கம்போங் கோழிக்காகவே, நம்ம ஊர் வெப்பத்தைத் தாங்குற மருந்தைத் தீனியில கலந்து கொடுக்கிற மாதிரி ஆராய்ச்சி பண்ணி எடுத்தாங்க, நம்ம கோழிக்குன்னு நம்ம நாட்டுல நடந்த அந்த வேலையை நெனச்சா எனக்குப் பெருமையா இருக்கு. கடையில கிடைக்கிற பாட்டில் நூறு கோழிக்கு மேல வரும், அக்கம்பக்கத்துல சேர்ந்து வாங்கி ஒரே நாள்ல கொடுத்துடுங்க, கலக்கின மருந்தை மறுநாளுக்கு வைக்கக்கூடாது.

5. அடை வைக்கிறது

பெட்டை பெட்டியை விட்டு எழுந்திரிக்காம, கையை நீட்டினா இறகை விரிச்சுக் கொர்ர்னு சத்தம் போட்டா அடைக்கு வந்துடுச்சு. தோட்டத்து லயத்துல கோழி வளர்த்த எங்க பாட்டி எப்பவும் ஒத்தப்படையாத்தான் வைப்பாங்க, ஒன்பது இல்லன்னா பதினொன்னு, நானும் அப்படியே வைக்கிறேன். பத்து நாளைக்கு உள்பட்ட முட்டையா எடுங்க, கழுவாதீங்க. ராத்திரியில வச்சா கோழி சண்டை போடாது.

ஏழாவது நாள் ராத்திரி ஒவ்வொரு முட்டையா எடுத்துக் கைபேசி டார்ச்சு மேல வச்சுப் பாருங்க. நல்ல முட்டையில சிலந்தி கால் விரிச்ச மாதிரி சிவப்பு நரம்பு ஓடும், நடுவுல ஒரு கரும்புள்ளி, கொஞ்சம் பொறுமையா பார்த்தா அந்தப் புள்ளி அசையும். நான் எத்தனையோ தடவை பார்த்தாச்சு, இன்னும் மூச்சைப் பிடிச்சுக்கிட்டுத்தான் பாக்குறேன். ஒன்னுமே தெரியாம வெளிச்சம் மட்டும் வந்தா கூமுட்டை, எடுத்துடுங்க.

21வது நாள் ஓடு விரியும், விரல் வச்சு உரிச்சு உதவி பண்ணாதீங்க, ரத்தம் வரும். ஈரம் காஞ்சதும் தாயையும் குஞ்சையும் தனிக் கூண்டுக்கு மாத்துங்க, சேவலோட வேணாம். தண்ணித் தட்டுல கூழாங்கல் போடுங்க, இல்லன்னா குஞ்சு மூழ்கிடும். பல்பு, ஹீட்டர் எதுவும் தேவையில்ல. மறுநாள் காலையிலயே தாய் காலால மண்ணைச் சீய்ச்சு கொக்கொக்னு கூப்பிடும், குஞ்சுங்க ஓடி வந்து அவ அலகு தொட்ட இடத்தைக் கொத்தும். அன்னைக்கே அந்தச் சின்னக் கூண்டையும் நகர்த்த ஆரம்பிச்சிடுங்க.