என்டிஎம் கிளெப்சியெல்லாவுக்கு இரண்டு மருந்து சேர்ந்து கேட்குமா? நான்கு டியூப் சோதனை

ராயபுரம் பக்கத்து லேபில் வேலை பார்ப்பவர்களுக்கு, மெரோபெனம் என்ற வலுவான ஆன்டிபயாடிக்குக்கு அடங்காத கிளெப்சியெல்லா பாக்டீரியா புதிதல்ல. 2010-இல் லான்செட் இன்ஃபெக்ஷியஸ் டிசீசஸ் இதழில் வந்த, அந்த மருந்தைச் சிதைக்கும் என்டிஎம் நொதி பற்றிய ஆய்விலேயே சென்னைக் கிருமிகள் இருந்தன. ‘எல்லாம் ரெசிஸ்டன்ட்’ என்று ரிப்போர்ட் போட்டு முடித்துவிடாதீர்கள். இதையும் செய்து பாருங்கள்.

என்டிஎம் நொதியால் அஸ்ட்ரியோனாம் என்ற ஆன்டிபயாடிக்கைச் சிதைக்க முடியாது. ஆனால் அதே கிருமியிடம் இருக்கும் ஈஎஸ்பிஎல் போன்ற நொதிகள் சிதைத்துவிடும். அந்த நொதிகளை அவிபாக்டம் அடக்கும். இந்தச் சோதனையில் அதைச் செஃப்டாசிடிம் என்ற ஆன்டிபயாடிக்கோடு சேர்ந்த டிஸ்க்காக (மருந்து ஊறிய சிறு காகித வட்டு) பயன்படுத்துகிறோம். அந்தக் கூட்டோடு அஸ்ட்ரியோனாமையும் சேர்த்தால் கிருமி அடங்குகிறதா என்று பார்ப்பதுதான் சோதனை.

நான்கு டியூபில் 2 மில்லி முல்லர் ஹின்டன் பிராத் (கிருமி வளர்க்கும் திரவம்) எடுங்கள், கேட்டயான் (கால்சியம், மெக்னீசியம் அளவு) சரிசெய்ததாக இருக்கட்டும். முதலாவதில் டிஸ்க் வேண்டாம், அது கன்ட்ரோல். இரண்டாவதில் அஸ்ட்ரியோனாம் 30 மைக்ரோகிராம் டிஸ்க். மூன்றாவதில் செஃப்டாசிடிம்-அவிபாக்டம் 30/20. நான்காவதில் இரண்டும்.

சோதனை கெடுவது பெரும்பாலும் டிஸ்க்கில்தான். நம்ம கடற்கரை ஈரத்தில், ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த டிஸ்க் கார்ட்ரிட்ஜ்மேல் நொடியில் நீர் பூக்கும். சில்லென்று இருக்கும்போதே திறந்தால் அந்த ஈரம் டிஸ்க்கில் இறங்கி மருந்தின் வீரியம் குறையும். கேட்கிற மருந்தையே கேட்காது என்று எழுதிவிடுவோம். ஐசியூவில் படுத்திருப்பவருக்கு ஒரு வழி அடைபடும். சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவோடு ஒரு மணி நேரம் வெளியே வைத்து, பிறகு திறங்கள்.

டிஸ்க் போட்டபின் 30 நிமிடம் அறை வெப்பத்தில் விடுங்கள். கிருமியைக் கரைத்து 0.5 மெக்ஃபார்லண்ட் (கலங்கல் அளவு) ஆக்கிய கலவையில் 10 மைக்ரோலிட்டர் எடுத்து நான்கிலும் விடுங்கள். துளி டியூப் சுவரில் ஒட்டாமல் பிராத்துக்குள் இறங்க வேண்டும். மெதுவாக வோர்டெக்ஸ் செய்து 35 டிகிரியில் 16 முதல் 20 மணி நேரம். மெக்ஃபார்லண்டைக் கண்ணால் மதிப்பிடுவதைவிட டென்சிடோமீட்டர் வாங்குங்கள் என்பேன்.

கன்ட்ரோல் கலங்கி, நான்காவது தெளிந்திருந்தால் கூட்டு மருந்து கேட்கிறது. நான்காவதும் கலங்கினால் கேட்கவில்லை. கன்ட்ரோலே வளரவில்லையா? திரும்பச் செய்யுங்கள்.

பின்சேர்க்கை: மூன்றாவது டியூபும் தெளிந்தால் என்ன என்று ஒருவர் கேட்டார். செஃப்டாசிடிம்-அவிபாக்டம் தனியாகவே கேட்கிறது என்று பொருள். அது என்டிஎம்தானா என்று மறுபடி பாருங்கள். டிஸ்க்கிலிருந்து உதிரும் காகித இழையை வளர்ச்சி என்று எண்ணவும் வாய்ப்புண்டு. லேசாகச் சுழற்றினால் இழை தனியாக மிதக்கும், கிருமி வளர்ந்திருந்தால் பிராத் முழுக்கக் கலங்கியிருக்கும்.

அசினெட்டோபாக்டர், சூடோமோனாஸுக்கு இந்த முறை வேண்டாம். சிஎல்எஸ்ஐ என்ற அமெரிக்க லேப் தரநிலை அமைப்பு இதை, கிளெப்சியெல்லா அடங்கிய என்டெரோபாக்டெரேல்ஸுக்கும் ஸ்டெனோட்ரோஃபோமோனாஸ் மால்டோஃபிலியாவுக்கும்தான் சொல்லியிருக்கிறது.