சைல்ட்மைண்டர்களின் காகித வேலையும் இன்ஸ்பெக்‌ஷன் பதற்றமும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

இங்கிலாந்தில் வீட்டிலேயே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் சைல்ட்மைண்டர்களின் எண்ணிக்கை, பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் இருந்ததில் பாதிகூட இன்று இல்லை. தொழிலை விட்டவர்களிடம் காரணம் கேட்டால், வருமானத்துக்கு அடுத்தபடியாகக் காகித வேலையையும், பதிவும் ஆய்வும் செய்யும் அரசு அமைப்பான ஆஃப்ஸ்டெட் மீதான பயத்தையும் சொல்வார்கள். லண்டனில் ஹாரோ, ஈஸ்ட் ஹாம், டூட்டிங் பக்கம் இந்த வேலையில் இருக்கும் நம் பெண்களிடம் பேசினாலும் இதே புலம்பல்தான்.

புலம்பல் நியாயமானதுதான். ஆனால் விதிகளை நிதானமாகப் படித்துப் பார்த்தால், பிள்ளைகள் போன பிறகு இரவு பதினொரு மணிவரை உட்கார்ந்து எழுதுவதில் பெரும்பகுதி யாரும் கேட்காதது என்று தெரியும். சட்டம் கேட்பது கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்தில்தான் பலருக்கு ஓட்டை விழுகிறது. (இங்கே சொல்வதெல்லாம் இங்கிலாந்துக்கு. ஸ்காட்லாந்து, வேல்ஸ், வடக்கு அயர்லாந்தில் பதிவும் ஆய்வும் வேறு அமைப்புகளின் கையில்.)

யாரும் கேட்காததை எழுதுவது

ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளைப் பார்ப்பவர்கள் பின்பற்ற வேண்டிய விதிநூல் இ.ஒய்.எஃப்.எஸ். 2024 ஜனவரியிலிருந்து சைல்ட்மைண்டர்களுக்கென்று அதில் தனிப் பதிப்பு இருக்கிறது. பலர் அதைத் திறந்துகூடப் பார்க்காமல், நர்சரிகளுக்கான பதிப்பையோ யாரோ விற்கும் கொள்கைத் தொகுப்பையோ வாங்கி அடுக்கி வைக்கிறார்கள். முப்பது கொள்கைகள், பளபளவென்று ஃபைல். உள்ளே பத்தாம் பக்கத்தில் வேறு ஏதோ நர்சரியின் பெயர் அழிக்கப்படாமல் கிடக்கும்.

சைல்ட்மைண்டர் கொள்கைகளை எழுத்தில் வைத்திருக்க வேண்டிய கட்டாயமே இல்லை. பெற்றோரோ ஆய்வாளரோ கேட்டால் வாயால் தெளிவாக விளக்கத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். வாங்கின ஃபைலில் இன்னொரு ஆபத்தும் உண்டு. ‘தினமும் காலையில் தோட்டத்தைச் சோதித்துக் கையெழுத்திடுவேன்’ என்று அதில் எழுதியிருந்து நீங்கள் அப்படிச் செய்யவில்லை என்றால், உங்கள் காகிதமே உங்களுக்கு எதிரான சாட்சி ஆகிவிடும். ஆபத்து மதிப்பீடும் இப்படித்தான். எது எழுத்தில் இருந்தால் உதவும் என்பதை நீங்களே முடிவு செய்யலாம். பக்கத்துப் பூங்காவுக்குப் போகும் ஒவ்வொரு தடவையும் படிவம் நிரப்பச் சொல்லி யாரும் எழுதிவைக்கவில்லை.

அப்புறம் அந்த ‘அவதானிப்பு’க் குறிப்புகள். பிள்ளை கட்டைகளை அடுக்கினால் மூன்று படம், இரண்டு பத்தி, எந்தக் கற்றல் பிரிவு என்று ஒரு குறியீடு. மதிப்பீட்டுக்காகப் பிள்ளையை விட்டு நீண்ட நேரம் விலகக் கூடாது, அளவுக்கு மீறிய காகித வேலை தேவையில்லை, உங்கள் அறிவையும் தொழில்முறைக் கணிப்பையும் நிரூபிக்க ஆதாரம் சேர்த்துவைக்க வேண்டியதில்லை என்று விதிநூலே சொல்கிறது. உங்கள் பராமரிப்பில் இருக்கும் பிள்ளையின் வளர்ச்சியைப் பற்றி எழுத்தில் கட்டாயம் கொடுக்க வேண்டியது, இரண்டுக்கும் மூன்றுக்கும் இடைப்பட்ட வயதில் பெற்றோருக்குத் தரும் ஒரு சுருக்கமான முன்னேற்றக் குறிப்பு. பெற்றோர் விரும்பினால் செயலியில் படம் போடுங்கள், நல்லதுதான். ஆனால் அதை ஆஃப்ஸ்டெட்டுக்காகச் செய்கிறோம் என்று நினைக்க வேண்டாம். போனிலோ கணினியிலோ பிள்ளைகளின் படமும் விவரமும் இருந்தால், தகவல் ஆணையர் அலுவலகத்துக்கு ஆண்டுக் கட்டணம் கட்ட வேண்டும் என்பதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். மிகச் சிறு தொழில்களுக்கு 2025 பிப்ரவரியிலிருந்து அது 52 பவுண்ட்.

கேட்பதை விட்டுவிடுவது

இனி, உண்மையிலேயே எழுத்தில் இருக்க வேண்டியவை. தினமும் எந்தப் பிள்ளை எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்குப் போனது. ஒவ்வொரு பிள்ளையின் பெயர், பிறந்த தேதி, பெற்றோர் விவரம், பெற்றோர் பொறுப்பு சட்டப்படி யாருக்கு, பிள்ளை வழக்கமாக யாருடன் வாழ்கிறது, அவசரத் தொடர்பு எண்கள். விபத்தும் முதலுதவியும். மருந்து கொடுக்கும் முன் பெற்றோரின் எழுத்து அனுமதி, கொடுத்த ஒவ்வொரு முறையும் ஒரு பதிவு. பெற்றோர் எழுத்தில் புகார் கொடுத்தால் அதை விசாரித்து 28 நாட்களுக்குள் முடிவைத் தெரிவித்த பதிவு.

இதில் அடிக்கடி நடக்கும் தவறு வருகைப் பதிவை வெள்ளிக்கிழமை மாலை மொத்தமாக நிரப்புவது. எல்லா நாளும் 8.00, 5.30 என்று ஒரே மையில் இருந்தால் பார்த்தவுடனே தெரிந்துவிடும். வாசலில் ஒரு சாதாரண நோட்டுப் புத்தகம் போதும். பிள்ளை உள்ளே வரும்போதே எழுதிவிடலாம். 2025 செப்டம்பரில் வந்த மாற்றங்களுக்குப் பிறகு இந்தப் பதிவுக்கு இன்னும் கனம் கூடியிருக்கிறது. சொல்லாமல் கொள்ளாமல் பிள்ளை வரவில்லை என்றால் நீங்கள் விசாரிக்க வேண்டும். முடிந்தவரை இரண்டுக்கு மேற்பட்ட அவசர எண்கள் கையில் இருக்க வேண்டும்.

எண்ணிக்கை விதி எல்லோருக்கும் தெரியும்: எட்டு வயதுக்குட்பட்டவர்கள் ஆறு பேர், அதில் சிறு பிள்ளைகள் (ஏறக்குறைய ஐந்து வயதுவரை உள்ளவர்கள்) மூவர், ஒரு வயதுக்குட்பட்டது வழக்கமாக ஒன்று. உங்கள் சொந்தப் பிள்ளையும் இந்தக் கணக்கில் வரும் என்பதைத்தான் பள்ளி விடுமுறை நாட்களில் மறந்துபோகிறோம். சகோதரப் பிள்ளைகளுக்காகவோ உங்கள் கைக்குழந்தைக்காகவோ விலக்கு எடுக்கலாம். ஆனால் எல்லோருடைய தேவையையும் எப்படிச் சமாளிப்பீர்கள் என்பதற்குப் பதில் தயாராக இருக்க வேண்டும்.

நம் வீடுகளுக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு: வீட்டில் இருக்கும் பெரியவர்கள். 16 வயதோ அதற்கு மேலோ ஆன ஒருவர் வீட்டில் வந்து குடியிருந்தால் 14 நாட்களுக்குள் ஆஃப்ஸ்டெட்டுக்குத் தெரிவிக்க வேண்டும், அவருக்குக் குற்றப் பின்னணிச் சோதனையும் வேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து நம்மோடேயே தங்கிவிட்ட அம்மம்மாவும், மேல் அறையை வாடகைக்கு எடுத்த மாணவரும் இதில் அடக்கம். உங்கள் சொந்த மகனுக்கு 16 ஆனாலும் அப்படியே. ‘என் பிள்ளைதானே’ என்று விட்டுவிடுவது சாதாரணமாக நடக்கிறது. கொள்கை ஃபைலில் ஒரு பக்கம் குறைந்ததை விட இது எத்தனையோ மடங்கு பெரிய குறை.

சான்றிதழ்களின் தேதிகளும் அப்படியே. குழந்தைகளுக்கான முழு முதலுதவிப் பயிற்சி 3 ஆண்டுகளுக்கு ஒருமுறை, சிறுவர் பாதுகாப்புப் பயிற்சி 2 ஆண்டுகளுக்கு ஒருமுறை, பொதுப் பொறுப்புக் காப்புறுதி பெரும்பாலும் ஆண்டுதோறும். தேதி முடிவதற்கு மூன்று மாதம் முன்பே போனில் நினைவூட்டல் வைத்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை வகுப்புகள் சீக்கிரமே நிரம்பிவிடும்.

கவுன்சில் பணமும் தேதிகளும்

2025 செப்டம்பரிலிருந்து, தகுதியுள்ள வேலைசெய்யும் பெற்றோரின் பிள்ளைகளுக்கு 9 மாத வயதுக்குப் பிறகு வாரம் 30 மணி நேரம் அரசுப் பணத்தில் கிடைக்கிறது. அதனால் சைல்ட்மைண்டருக்கு ஒரு புதுக் குவியல் சேர்ந்திருக்கிறது. பெற்றோரிடம் அவர்களின் தகுதிக்கான 11 இலக்கக் குறியீட்டு எண் வாங்கிச் சரிபார்க்க வேண்டும், அறிவிப்புப் படிவத்தில் கையெழுத்து வாங்க வேண்டும், பள்ளிப் பருவத்துக்கு ஒருமுறை கவுன்சிலுக்குக் கணக்கு அனுப்ப வேண்டும். பெற்றோர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை தகுதியைப் புதுப்பிக்கவில்லை என்றால் அந்த எண் காலாவதியாகும். புதிய பிள்ளை என்றால், பருவம் தொடங்கும் முன்பே, அதாவது ஆகஸ்ட் 31, டிசம்பர் 31, மார்ச் 31க்குள் எண் கிடைத்திருக்க வேண்டும். ‘பிறகு தாறன் அக்கா’ என்று பெற்றோர் சொல்வதை நம்பிப் பிள்ளையைச் சேர்த்துவிட்டு, ஒரு பருவத்துப் பணத்தை இழந்து, அதைக் கேட்கவும் முடியாமல் மனக்கசப்போடு இருப்பவர்கள் உண்டு. எண்ணைச் சரிபார்த்த பிறகே இடத்தை உறுதிசெய்யுங்கள். சொந்தக்காரப் பிள்ளைகளுக்கு இந்தப் பணத்தைக் கோர முடியாது என்பதையும் முதலிலேயே தங்கைக்கும் மைத்துனிக்கும் சொல்லிவிடுவது உறவுக்கு நல்லது.

ஆய்வாளர் முன் தமிழை ஒளித்துவைப்பது

எனக்கு மிகவும் வருத்தம் தருவது இந்தத் தவறுதான். எல்லா நாளும் பிள்ளையோடு தமிழில் பாடிக் கதைத்துவிட்டு, ஆய்வாளர் வந்த அன்று மட்டும் திடீரென்று ஆங்கிலத்துக்கு மாறுவது. பிள்ளை குழம்பி உங்கள் முகத்தையே பார்க்கும். அன்றைய இயல்பு அத்தோடு போய்விடும். வீட்டில் ஆங்கிலம் பேசாத பிள்ளைகளுக்கு, விளையாட்டிலும் கற்றலிலும் தங்கள் வீட்டு மொழியைப் பயன்படுத்த வாய்ப்புத் தர வேண்டும் என்று விதிநூலே சொல்கிறது. கூடவே பிள்ளை நல்ல ஆங்கிலமும் கற்று, பள்ளிக்குத் தயாராக வேண்டும். ‘இந்தப் பிள்ளை வீட்டில் தமிழ்தான், இந்தப் பாட்டைத் தமிழில் பாடுகிறேன், இன்னின்ன சொற்களை இந்த வாரம் ஆங்கிலத்திலும் சேர்த்துக்கொடுக்கிறேன்’ என்று சொல்ல முடிந்தால், அது பலவீனம் அல்ல, நல்ல கற்பித்தல்.

உங்கள் ஆங்கிலம் இலக்கணச் சுத்தமாக இருக்க வேண்டியதும் இல்லை. பிள்ளையின் நலனுக்குப் போதுமான அளவு வேண்டும்: பதிவு எழுத, அவசர உதவிக்கு அழைக்க, மருந்துப் போத்தலில் இருப்பதைப் படித்து விளங்க. உச்சரிப்புக்கு யாரும் மதிப்பெண் போடுவதில்லை.

அந்த நாள்

சைல்ட்மைண்டர்களுக்கு வழக்கமாக ஆய்வுக்குச் சில நாட்கள் முன்பே ஆஃப்ஸ்டெட்டிலிருந்து தொலைபேசி வரும், பிள்ளைகள் இருக்கும் நாள்தானா என்று பார்க்க. அழைப்பு வந்த இரவே வீட்டைத் தலைகீழாக மாற்றுவது, புது விளையாட்டுப் பொருள் வாங்குவது, ஒரு மாதத்துக் குறிப்புகளைப் பின்தேதியிட்டு எழுதுவது எதுவும் வேண்டாம். பின்தேதி போடுவது நேர்மையைப் பற்றிய கேள்வியாகிவிடும்.

கதவைத் திறந்ததும் அடையாள அட்டையைக் கேட்டுப் பாருங்கள். மரியாதைக் குறைவு என்று தயங்கி உள்ளே விட்டுவிட்டால், பிள்ளைகளின் பாதுகாப்பில் உங்கள் கவனம் எப்படி என்பது முதல் நிமிடத்திலேயே தெரிந்துவிடும். பிறகு ஆய்வாளரை உபசரிப்பதில் மூழ்கிப் பிள்ளைகளை மறக்க வேண்டாம். ஒரு தேநீர் போதும். சாப்பாட்டு நேரத்தை நன்றாகக் கவனிப்பார்கள். பிள்ளைகள் சாப்பிடும்போது நீங்கள் கண்ணுக்கும் காதுக்கும் எட்டும் இடத்தில், முடிந்தால் எதிரே முகம் பார்த்து உட்கார்ந்திருக்க வேண்டும். திராட்சையை நீளவாக்கில் வெட்டிக் கொடுங்கள், முழுக் கச்சானை (வேர்க்கடலையை) தட்டில் வைக்கவே வேண்டாம். நீங்கள் அடுப்படியில் அடுத்த தோசை சுட்டுக்கொண்டிருக்கக் கூடாது.

கேள்விகளில் தடுமாற்றம் வருவது பெரும்பாலும் பாதுகாப்பு பற்றியதில். ஒரு பிள்ளையின் உடம்பில் சந்தேகமான காயம் கண்டால் யாரை அழைப்பீர்கள்? உங்கள் கணவர் மீதே ஒரு குற்றச்சாட்டு வந்தால்? முதலாவதற்கு உள்ளூர் கவுன்சிலின் சிறுவர் பாதுகாப்புப் பிரிவு. இரண்டாவதற்கு அதே கவுன்சிலில் இதற்கென இருக்கும் அதிகாரி. ஆஃப்ஸ்டெட்டுக்கும் தெரிவிக்க வேண்டும். இரண்டு எண்களையும் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டிவைத்து, இரண்டு பதிலையும் வாயால் சொல்லிப் பழகுங்கள்.

2025 நவம்பரிலிருந்து ‘நன்று’, ‘மிகச் சிறப்பு’ போன்ற ஒற்றை ஒட்டுமொத்தத் தரம் இல்லை. பல பிரிவுகளில் ஐந்து படிநிலை, பாதுகாப்புக்கு மட்டும் நிறைவு, நிறைவில்லை என இரண்டே. ஆகவே ஒரு பிரிவில் கவனம் தேவை என்று வந்தால் அதை முழுத் தோல்வியாக எடுத்துக்கொண்டு பதிவை ரத்துசெய்ய ஓட வேண்டாம். கடைசியில் ஆய்வாளர் சொல்லும் கருத்துகளைக் கையால் குறித்துக்கொள்ளுங்கள், புரியாததைத் திருப்பிக் கேளுங்கள். வரைவு அறிக்கை வந்ததும் தகவல் பிழை இருந்தால் கெடுவுக்குள் எழுதி அனுப்புங்கள். ‘ஏன் வம்பு’ என்று விட்டுவிட்டால், அது அப்படியே இணையத்தில் வெளியாகி அடுத்த ஆய்வு வரை எல்லாப் பெற்றோர் கண்ணிலும் படும்.