டாஷ்போர்டு பச்சையாக இருக்கிறதே என்று இருந்துவிடாதீர்கள்: கிளவுட் டேட்டாபேஸைப் பரிசோதிப்பதில் நடக்கும் தவறுகள்

டாஷ்போர்டில் எல்லாம் பச்சை. ஆப் மட்டும் நத்தையாக ஊர்கிறது. கிளவுட் டேட்டாபேஸோடு கொஞ்ச நாள் மல்லுக்கட்டிய யாருக்கும் இந்த அனுபவம் புதிதல்ல. பெரும்பாலும் டேட்டாபேஸைக் கண்காணிக்கும் டூல் பொய் சொல்லியிருக்காது. அது யாருடைய கண்ணால், எங்கே நின்று, எப்போதிலிருந்து பார்த்தது என்று நாம்தான் கேட்டிருக்க மாட்டோம். கீழே உள்ளவை போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸை வைத்து எழுதியவை. மைஎஸ்கியூஎல் ஆட்களுக்கும் இதில் பாதி உதவும்.

யாருடைய கண் என்பதிலிருந்தே தொடங்கலாம். டூலுக்கென்று தனி யூசர் உருவாக்குவது நல்ல பழக்கம். ஆனால் அந்த யூசருக்கு லாகின் உரிமை மட்டும் கொடுத்துவிட்டு மறந்துவிடுகிறோம். அப்போது, யார் என்ன ஓட்டுகிறார்கள் என்று காட்டும் பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டியில் மற்ற யூசர்களின் க்வெரி (டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வி) இருக்க வேண்டிய இடத்தில் 'இன்சஃபிஷியன்ட் பிரிவிலேஜ்' (உரிமை போதாது) என்றுதான் வரும். அதைவிடச் சிக்கல், க்வெரி தொடங்கிய நேரமும் காலியாகவே வரும். '5 நிமிடத்துக்கு மேல் ஓடும் க்வெரிகள்' என்று டூல் வடிகட்டினால் ஒன்றும் சிக்காது. முடிவு: பூஜ்யம், பச்சை. அரை மணி நேரமாக ஒரு க்வெரி உட்கார்ந்திருந்தாலும் இதே பதில்தான். இதைக் கண்டுபிடித்தவர்கள் உடனே அடுத்த கோடிக்குப் போய் மாஸ்டர் யூசரின் பாஸ்வேர்டையே டூலிடம் கொடுத்துவிடுகிறார்கள். பார்க்க மட்டுமே வந்தவரிடம் வீட்டுச் சாவிக்கொத்தையே கொடுக்கும் வேலை அது. 2017-இல் வந்த 10-ஆம் பதிப்பிலிருந்தே இதற்கென்று பிஜி_மானிட்டர் என்ற ரோல் (உரிமைத் தொகுப்பு) இருக்கிறது. அதைக் கொடுத்தால் போதும்.

அடுத்தது சராசரி. ஒரு நிமிடத்துக்கு ஒரு புள்ளி என்று வரையும் கிராஃபில், 56 வினாடி சிபியு 10 சதவீதத்திலும் 4 வினாடி 100 சதவீதத்திலும் இருந்தால், காட்டப்படுவது 16 சதவீதம். அந்த 4 வினாடியில் காத்திருந்த வாடிக்கையாளருக்கு உங்கள் 16 ஆறுதல் தராது. ஒரு வாரக் கிராஃபாக விரித்தால் அந்த 16-உம் கரைந்துவிடும். ஒரு வினாடி இடைவெளியில் அளக்கும் வசதி அமேசானின் கிளவுட் டேட்டாபேஸ் சேவையான ஆர்டிஎஸ்ஸில் உண்டு. பிரச்சினை நடக்கும் நாட்களிலாவது அதைப் போட்டு வையுங்கள்.

கான்ஃபிகரேஷனைப் படிப்பதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. மேக்ஸ்_கனெக்‌ஷன்ஸ், ஷேர்டு_பஃபர்ஸ் போன்ற அமைப்புகள் ரீஸ்டார்ட் செய்யாமல் அமலுக்கு வராது. கன்சோலில் புதிய மதிப்பு தெரியும், சர்வர் பழைய மதிப்பில் ஓடிக்கொண்டிருக்கும். எனவே சர்வரிடமே 'ஷோ' போட்டுக் கேளுங்கள். அப்படிக் கேட்பதிலும் ஒரு நுணுக்கம்: வரும் பதில் அந்த செஷனுக்கு, அதாவது அந்த ஒரு இணைப்புக்கு உரியது. ஆப் பயன்படுத்தும் ரோலுக்கு யாரோ எப்போதோ 'ஆல்டர் ரோல்' வழியாக வேறு வொர்க்_மெம் (ஒரு வேலைக்கான மெமரி அளவு) வைத்திருந்தால், டூலின் செஷனில் அது தெரியவே தெரியாது. 'வொர்க்_மெம்மை உயர்த்துங்கள்' என்று டூல் சொன்னதும் கேட்டுவிடுவதும் ஆபத்துதான். அது சர்வர் முழுவதற்குமான அளவு அல்ல. க்வெரிக்குள் நடக்கும் ஒவ்வொரு சார்ட்டும் (வரிசைப்படுத்தல்), ஹாஷும் (பொருத்திச் சேர்த்தல்) தனித்தனியாக அந்த அளவை எடுக்கலாம். 64 எம்பி வைத்து, 200 கனெக்‌ஷன்கள் ஆளுக்கு இரண்டு சார்ட் செய்தால், 25 ஜிபி அங்கேயே போய்விடும்.

நான் சூடுபட்டது 'பயன்படாத இண்டெக்ஸ்' பட்டியலில். இண்டெக்ஸ் என்பது தேடலை வேகப்படுத்தும் அட்டவணை. பெரிய டேபிள் ஒன்றின் இண்டெக்ஸ் ஸ்கேன் எண்ணிக்கை பூஜ்யம் என்று அறிக்கை சொன்னது. இடத்தை அடைத்துக்கொண்டு, ஒவ்வொரு இன்சர்ட்டையும் தாமதப்படுத்திக்கொண்டு எதற்கு என்று ஆழம் பார்க்காமல் காலை விட்டேன், தூக்கிவிட்டேன். மறுநாள் காலை ரிப்போர்ட் ஓடவில்லை. அந்த ரிப்போர்ட் ஓடுவது ரீட் ரெப்ளிகாவில், அதாவது முதன்மை சர்வரின் (பிரைமரி) படிக்க மட்டுமான நகலில். ரெப்ளிகாவில் நடக்கும் ஸ்கேன்கள் ரெப்ளிகாவின் கணக்கில் மட்டுமே ஏறும், பிரைமரிக்கு அதைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் பிரைமரியில் தூக்கிய இண்டெக்ஸ் ரெப்ளிகாவிலும் காணாமல் போகும். திரும்பக் கட்டி முடிக்க அரை நாள் ஆயிற்று. கட்டும் வேளையில் டேபிளைப் பூட்டாமல் இருக்க 'கன்கரன்ட்லி' போட்டதால் இன்னும் மெதுவாக நடந்தது.

இப்போதெல்லாம் அந்தப் பட்டியலைப் பார்த்தால் கணக்கு எந்தத் தேதியிலிருந்து தொடங்கியது என்றுதான் முதலில் தேடுகிறேன். சர்வர் கிராஷ் ஆகி எழுந்தால் இந்த எண்ணிக்கைகள் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். ஃபெயில்ஓவரில், அதாவது பிரைமரி விழுந்து ரெப்ளிகா பிரைமரி ஆனால், நீங்கள் பார்ப்பது புதியவரின் கணக்கை. வருடத்துக்கு ஒருமுறை ஓடும் வேலைக்கான இண்டெக்ஸ் 3 வாரக் கணக்கில் எப்படி வரும்? யூனிக் இண்டெக்ஸ் இன்னொரு ரகம்: ஒவ்வொரு இன்சர்ட்டிலும் இரட்டிப்பைத் தடுத்துக்கொண்டிருக்கும், ஸ்கேன் எண்ணிக்கையோ பூஜ்யமாகவே நிற்கும். 16-ஆம் பதிப்பிலிருந்து கடைசியாக ஸ்கேன் நடந்த நேரமும் கிடைக்கிறது. அது பெரிய நிம்மதி.

'ஆட்டோவேக்கம்: ஆன்' என்ற வரியைப் பார்த்துத் திருப்தி அடைவதும் தவறுதான். அழிக்கப்பட்டோ மாற்றப்பட்டோ பழையதாகிப்போன 'செத்த' வரிகளைத் தானாகத் துப்புரவாக்கும் வேலை அது. இயல்பான அமைப்பில் டேபிளின் 20 சதவீத வரிகள் செத்த பிறகே அது வேலையைத் தொடங்கும். 10 கோடி வரி இருந்தால், 2 கோடி செத்த வரி சேரும்வரை அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காது. பெரிய டேபிள்களுக்கு அந்த விகிதத்தைத் தனியாகக் குறைத்து வைக்க வேண்டும். வேக்கம் ஓடியும் செத்த வரிகள் குறையவில்லையென்றால், டிரான்சாக்‌ஷனைத் திறந்துவைத்துவிட்டுச் சும்மா கிடக்கும் கனெக்‌ஷன் ஏதாவது இருக்கும், அல்லது யாரும் படிக்காத ரெப்ளிகேஷன் ஸ்லாட் (நகல் எதுவரை படித்தது என்ற குறிப்பு) இருக்கும். அந்த ஸ்லாட், வரம்பு வைக்காவிட்டால், வால் (WAL) எனப்படும் மாற்றப் பதிவுக் கோப்புகளைத் தேக்கி வைத்து டிஸ்க்கையே நிரப்பிவிடும். நேர் எதிர்த் தவறும் நடக்கிறது. டிரான்சாக்‌ஷன் ஐடியின் (ஒவ்வொன்றுக்கும் தரப்படும் தொடர் எண்) வயது 20 கோடியைத் தொட்டதும் அலறுகிறார்கள். அது கட்டாய வேக்கம் தொடங்கும் புள்ளி, அவ்வளவே. எண்கள் தீர்ந்துபோகும் உண்மையான சுவர் சுமார் 210 கோடியில் இருக்கிறது. 20 கோடியைத் தாண்டியும் ஏறிக்கொண்டே போனால்தான் கவலைப்பட வேண்டும்.

காலி மெமரி குறைவாகத் தெரிவது, பல நேரங்களில், ஆபரேட்டிங் சிஸ்டம் அதைக் கேஷாகப் பயன்படுத்துகிறது என்பதன் அடையாளம்தான். ஸ்வாப் (மெமரி போதாமல் டிஸ்க்கைப் பயன்படுத்துவது) ஏறுகிறதா என்று பாருங்கள். சேமித்த கிரெடிட்டைச் செலவழித்துச் சிறிது நேரம் வேகமாக ஓடும் பர்ஸ்ட் வகை மெஷினில் சிபியு சதவீதத்தோடு மீதமிருக்கும் கிரெடிட்டையும் பாருங்கள். 'பேக்கப்: வெற்றி' என்பது பேக்கப் எடுக்கப்பட்டது என்று மட்டுமே சொல்கிறது. அதிலிருந்து ரீஸ்டோர் ஆகுமா என்பதை ரீஸ்டோர் செய்துதான் பார்க்க முடியும்.

கடைசியாக, அறிக்கையைப் பகிர்வது. க்வெரிகளின் புள்ளிவிவரத்தைச் சேர்த்து வைக்கும் பிஜி_ஸ்டாட்_ஸ்டேட்மென்ட்ஸிலிருந்து வரும் க்வெரிகளில் பொதுவாக மதிப்புகளுக்குப் பதில் டாலர் 1, டாலர் 2 என்றுதான் இருக்கும். அந்தப் பழக்கத்தில் அதே அறிக்கையின் 'இப்போது ஓடும் க்வெரிகள்' பகுதியையும் சேர்த்துக் குழுச் சாட்டில் ஒட்டிவிடுகிறோம். அங்கே க்வெரி அனுப்பியபடியே கிடக்கும். 'வேர்' (WHERE) என்ற நிபந்தனைப் பகுதியில் யாரோ ஒருவரின் மின்னஞ்சல் முகவரியும் தொலைபேசி எண்ணும் அப்படியே தெரியும். ஒட்டுவதற்கு முன் அந்தப் பகுதியை வெட்டிவிடுங்கள்.