ஸ்லாவ் எக்ஸ்சேஞ்ச்: சமநிலையில் ஒரு நகர்வின் மதிப்பு

சதுரங்கத்தில் ஸ்லாவ் தற்காப்பு என்ற தொடக்கம் இது: 1.டி4 டி5 2.சி4 சி6. இப்போது டி5-ல் சிப்பாய்களை வெட்டிக்கொண்டால் (அதுதான் எக்ஸ்சேஞ்ச்) இரு பக்கமும் ஒரே அமைப்பு. டிரா என்று ஒதுக்காதீர்கள், அடுத்த நகர்வு வெள்ளையுடையது. சிப்பாயே இல்லாமல் திறந்திருப்பது சி வரிசை மட்டுமே. யானைக்கு நல்ல இடம் சி1, குதிரைக்கு இ5.

இ3 ஆடுமுன் பிஷப்பை எஃப்4-க்கு எடுங்கள்; பிந்தினால் அது சிப்பாய்களுக்குப் பின்னால் அடைபடும். கறுப்பு இந்த பிஷப் நகர்வை அப்படியே காப்பியடித்தால்தான் வேடிக்கை: 4.குதிரை சி3 குதிரை எஃப்6 5.பிஷப் எஃப்4 பிஷப் எஃப்5? (தவறான நகர்வு) 6.ராணி பி3. பி7, டி5 இரண்டுக்கும் ஆபத்து. ராணி பி6 என்று தடுத்தால், 7.குதிரை டி5 சிப்பாயை வெட்டும். கறுப்பு ராணி பி3-ல் வெட்டினாலும், முதலில் எஃப்6 குதிரையை செக்குடன் வெட்டிவிட்டு ராணியைத் திரும்ப எடுக்கலாம். ஒரு சிப்பாய் லாபம்.

கறுப்பு முதலில் குதிரையை சி6-க்குக் கொண்டுவருவது நல்லது. பி3 ராணியை அது ஏ5-லிருந்து விரட்டும். இ6-ம் ஆடியிருந்தால் பிஷப் பி4 போதும், பி வரிசை அடைபடும்.