பிடித்த கல்லூரியா, குறைந்த கடனா? முடிவெடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இரண்டு கல்லூரிகளில் இடம் கிடைத்திருக்கிறது. ஒன்று மாணவருக்குப் பிடித்தது, இன்னொன்று செலவு குறைந்தது. பிள்ளை ஆசையைச் சொல்லும், பெற்றோர் தொகையைச் சொல்வார்கள். இரண்டுக்கும் பொதுவான அளவுகோல் இல்லாததால் பேச்சு இழுபறியாகி, கடைசியில் குரல் ஓங்கியவர் சொன்னதே நடக்கும். ஆசைக்கும் ஒரு மாதத் தவணை உண்டு. அதைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் பேச்சு வேறு மாதிரிப் போகும்.

கீழே வரும் தொகைகளை எந்த நாட்டு நாணயத்தில் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம்; விகிதம் மாறாது.

முதல் ஆண்டுக் கட்டணத்தை நான்கால் பெருக்குவது

கட்டணம் ஆண்டுதோறும் 8% ஏறினால், நான்கு ஆண்டுக்கான மொத்தம் முதல் ஆண்டுக் கட்டணத்தைப் போல் 4 மடங்கு அல்ல, 4.5 மடங்கு. ஹாஸ்டல், சாப்பாடு, பயணம், லேப்டாப், தேர்வுக் கட்டணம் இதில் சேராது. இவற்றை விட்டுவிட்டுக் கடன் வாங்கியவர்கள் மூன்றாம் ஆண்டில் அதிக வட்டிக்கு இன்னொரு கடன் தேடி அலைகிறார்கள். கட்டணம் ஏறுமா, எவ்வளவு ஏறும் என்பதைக் கல்லூரியிடம் எழுத்தில் கேளுங்கள்.

உதவித்தொகையிலும் இதே கதைதான். முதல் ஆண்டுக்கு மட்டும் தருகிறார்களா, எல்லா ஆண்டுக்குமா? தொடர்ந்து பெற எவ்வளவு மதிப்பெண் வேண்டும்? ஒரு பருவத்தில் மதிப்பெண் சறுக்கினால் மறுபடி கிடைக்குமா? இதற்கெல்லாம் பதில் தெரியாமல் உதவித்தொகையை மொத்தச் செலவில் கழிக்கக் கூடாது.

படிக்கும் காலத்து வட்டியை மறப்பது

வீட்டுக் கணக்கு பிசகுவது அதிகமும் இங்கேதான். ‘படித்து முடித்தபின் கட்டினால் போதும்’ என்றால் தவணை அப்போது தொடங்கும் என்றுதான் பொருள். பல கடன்களில் வட்டி, பணம் கைமாறிய நாளிலிருந்தே ஓடத் தொடங்கிவிடும்.

10 லட்சம் கடன் என்று வைத்துக்கொள்வோம். நான்கு ஆண்டுகளிலும் ஆண்டுத் தொடக்கத்தில் இரண்டரை லட்சம் வீதம் வாங்குகிறீர்கள். வட்டி 10%. படிப்பு முடிந்தபின் ஓராண்டு அவகாசம். தனி வட்டி என்றால், முதல் தவணை கட்டும் நாளில் பாக்கி 13.5 லட்சம். ஆண்டுக்கொரு முறை வட்டியை அசலோடு சேர்த்தால் 14 லட்சத்தைத் தாண்டும். எந்த முறை என்பதை ஒப்பந்தத்தில் பாருங்கள். படிக்கும்போதும் அந்த அவகாச ஆண்டிலும் மாதாமாதம் வட்டியை மட்டும் கட்டிவர முடிந்தால் பாக்கி 10 லட்சத்திலேயே நிற்கும். முழுதாக முடியாவிட்டாலும் பாதியாவது கட்டலாம்.

அந்த 13.5 லட்சத்தை 10 ஆண்டில் அடைத்தால் மாதத் தவணை சுமார் 17,840. மொத்தமாகக் கட்டுவது 21.4 லட்சம். ‘தவணை அதிகமாக இருக்கிறதே’ என்று 15 ஆண்டாக நீட்டினால் மாதம் 14,507 ஆகக் குறையும், ஆனால் மொத்தம் 26.1 லட்சமாகிவிடும். நீட்டிப்பை ஆபத்துக்காலத்துக்கு வைத்துக்கொள்ளலாம். இரண்டு கல்லூரிகளை ஒப்பிடும்போது இரண்டுக்கும் ஒரே கால அளவைத்தான் போட வேண்டும். வட்டி மாறக்கூடிய கடன் என்றால் 12 சதவீதத்துக்கும் ஒரு முறை போட்டுப் பாருங்கள்: 10 ஆண்டுத் தவணை 19,369 ஆகும்.

உச்சச் சம்பளத்தை நம்புவது

விளம்பரத்தில் வரும் பெரிய சம்பளம் ஒருவருக்குக் கிடைத்தது. சராசரியும் ஏமாற்றும். பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு மாதம் 30,000, ஒருவருக்கு 2,30,000 என்றால் சராசரி 50,000. அந்த 50,000 பத்துப் பேரில் ஒருவருக்கும் கிடைக்கவில்லை! கேட்க வேண்டியது இடைநிலைச் சம்பளம்: எல்லாரையும் வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்பவர் வாங்குவது.

‘90% பேருக்கு வேலை’ என்றால் யாரில் 90% என்று கேளுங்கள். நூறு பேர் படித்து, அறுபது பேர் வேலைக்குப் பதிவு செய்து, ஐம்பத்து நான்கு பேருக்குக் கிடைத்தாலும் அப்படிச் சொல்லலாம். உங்கள் பாடப்பிரிவுக்குத் தனியாகக் கணக்கு கேளுங்கள். கல்லூரி முழுமைக்குமான எண் உங்களுக்கு உதவாது.

தவணை, கைக்கு வரும் சம்பளத்தில் 10 முதல் 15 சதவீதத்துக்குள் இருந்தால் மூச்சுவிடலாம். மொத்தக் கடன், முதல் ஆண்டுச் சம்பளத்தைத் தாண்டாமல் இருப்பது நல்லது. இவை கல்லில் பொறித்த விதிகள் அல்ல. ஆனால் 30,000 சம்பளத்தில் 17,840 தவணை என்பது எந்த வாதத்திலும் நிற்காது. வங்கி கடன் தருகிறதே என்பதும் பதில் ஆகாது. பல கடன்களில் வங்கி பார்ப்பது பெற்றோரின் வருமானத்தையும் அடமானத்தையும்தான். பிள்ளையால் கட்ட முடியாதபோது அது கைவைப்பதும் அவற்றில்தான்.

‘பிடித்திருக்கிறது’ என்பதைப் பிரித்துப் பார்க்காதது

பிடித்த கல்லூரிக்கு 10 லட்சமும் மற்றதற்கு 4 லட்சமும் கடன் தேவை என்றால், வித்தியாசம் 6 லட்சம். மேலே சொன்ன அதே நிபந்தனைகளில், பத்தாண்டுக்கு மாதம் ஏறக்குறைய 10,700. அந்த ஆசையின் விலை அதுதான். இதை மாணவரிடமே கொடுத்து, எதற்காக இந்தப் பணத்தைக் கட்டுவாய் என்று எழுதச் சொல்லுங்கள்.

பாடப்பிரிவு மற்ற கல்லூரியில் இல்லை, தொழில் உரிமம் பெற அந்தப் பட்டம்தான் செல்லும், வேண்டிய ஆய்வகம் அங்கேதான் இருக்கிறது என்று எழுதினால் கூடுதல் கடனைப் பற்றி யோசிக்கலாம். நண்பர்கள் சேர்கிறார்கள், வளாகம் அழகு, பெயரைச் சொன்னால் மதிப்பு என்றால் வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. நண்பர்கள் முதல் ஆண்டிலேயே வேறு வேறு குழுக்களாகப் பிரிந்துவிடுவார்கள். பெயர் மட்டும் சற்றுச் சிக்கலானது. சில துறைகளில் கல்லூரிப் பெயர் முதல் வேலைக்கு உண்மையிலேயே கதவு திறக்கும், வேறு பலவற்றில் யாரும் கேட்க மாட்டார்கள். அந்தத் துறையில் ஆள் எடுப்பவர்களிடம் விசாரித்தால் தெரிந்துவிடும்.

கடனுக்குப் பயந்து, மாணவருக்கு ஒட்டவே ஒட்டாத பாடத்தில் சேர்ப்பதும் இதே அளவு பெரிய தவறு. பாதியில் நின்றால் பட்டம் இருக்காது, கடன் மட்டும் இருக்கும். ஓராண்டு கூடுதலாகப் படிக்க நேர்ந்தாலோ ஓராண்டுக் கட்டணத்தோடு ஓராண்டுச் சம்பளமும் போகும். மலிவாகத் தெரிந்த இடம் அங்கேயே விலை ஏறிவிடும். குறித்த காலத்தில் எத்தனை பேர் படித்து முடிக்கிறார்கள் என்று இரண்டு கல்லூரியிலும் கேளுங்கள். மேற்படிப்பு கட்டாயம் தேவைப்படும் துறை என்றால் அந்தக் கடனையும் இப்போதே கூட்டிப் பாருங்கள்.

கேட்காமலே முன்பணம் கட்டுவது

பிடித்த கல்லூரியின் கட்டண அலுவலகத்துக்கு, மற்ற கல்லூரி தர முன்வந்த சலுகைக் கடிதத்தின் நகலோடு ஒரு விண்ணப்பம் எழுதிப் பாருங்கள். குடும்ப வருமானம் அண்மையில் குறைந்திருந்தால் அதற்கான சான்றையும் வையுங்கள். எல்லா இடத்திலும் பலிக்காது. ஆனால் கேட்பதற்குச் செலவில்லை, முன்பணம் கட்டியபின் கேட்டால் பேரம் பேச உங்கள் கையில் ஒன்றும் இருக்காது. கட்டும் முன், விலகினால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும், எந்தத் தேதி வரை என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.